காலிக் கூடையோடு திரும்பிய மதியம்

அன்று மதியம் கணபதி ஏரியாவில் இருந்த அந்த வீட்டுக்குள் சிவகாமி அக்கா இருந்தார். அவருடைய கணவர் முருகேசன் அண்ணன் பவுண்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர், தூங்காத கண்களோடு கதவோரம் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கூடையுடன் நான் இருந்தேன். கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டரை மாதப் பெண் நாய்க்குட்டி ஒன்று இருந்தது. செம்பழுப்பு நிறம், முன்னங்காலில் மட்டும் வெள்ளை.

இல்லாதவர்கள் இரண்டு பேர். அந்தக் குட்டியை அதுவரை வளர்த்த மெத்தைக்கடை பாய் இல்லை. தெருநாய்க் குட்டிகளுக்கு வீடு தேடும் நம் அமைப்பை நடத்தும் மேடம் இல்லை. இருவரும் போனில்தான் வந்தார்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். அடுத்த வாரம் நான் ஓசூருக்கு வேறு வேலைக்குப் போகிறேன். குட்டிகளைத் தத்துக் கொடுப்பது இனி உங்கள் பொறுப்பு. எந்த ஊசி எப்போது, எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து என்பதெல்லாம் கோப்பில் இருக்கிறது, அதை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். அன்று மதியம் நடந்தது அதில் இல்லை.

முதலில் பாயைப் பற்றி. டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்குப் பஞ்சு மெத்தைக் கடை. ஒரு மழை நாளில் கடை வாசல் சாக்கடையில் இந்தக் குட்டி நனைந்து கிடந்திருக்கிறது. எடுத்துத் துடைத்துவிட்டு நமக்குப் போன் செய்தார். நம் காப்பகத்தில் அப்போது இடமில்லை. "வீடு கிடைக்கிற வரைக்கும் நீங்களே ஃபாஸ்டரா வெச்சுக்க முடியுங்களா பாய்?" என்று கேட்டேன்.

"ஃபாஸ்டர்னா?"

"நம்ம வீட்டுப் புள்ள மாதிரி பாத்துக்கிட்டு, அப்புறம் இன்னொரு வீட்டுக்கு அனுப்பி வைக்கறதுங்க."

"அது பொண்ணைப் பெத்தவன் எல்லாரும் செய்யறதுதான தம்பி. வீட்டுக்குள்ள வேண்டாம், கடையில இருக்கட்டும்" என்றார்.

அப்படித்தான் அது கடையில் வளர்ந்தது. பஞ்சு என்று பேர் வைத்தார். பஞ்சு அடிக்கும் மெஷினுக்குப் பின்னால் கழிவுப் பஞ்சுக் குவியல்தான் அதற்குப் படுக்கை. ஆனால் குட்டி வளர வளர அதன் முடி மெத்தைப் பஞ்சில் ஒட்ட ஆரம்பித்தது. வாங்க வருபவர்கள் முகம் சுளித்தார்கள். கட்டட உரிமையாளர் கடைசியாக ஒரு கெடு சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் சிவகாமி அக்காவின் விண்ணப்பம் வந்தது.

அக்கா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர். விடியலில் அண்ணன் ஷிஃப்ட்டில் இருப்பார், அக்கா தனியாக அரைத்துக்கொண்டிருப்பார். எதற்கு நாய் வேண்டும் என்ற கேள்விக்கு, "மாவு அரைக்கற நேரத்துல பேசறதுக்கு ஒரு ஆள் வேணும்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துச் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த வரியில் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

வீடு பார்க்கப் போனபோது அக்கா எனக்கு டீ கொடுத்தார். நீங்களும் போகிற இடத்தில் டீ கொடுத்தால் குடியுங்கள். டம்ளர் காலியாவதற்குள் அந்த வீட்டில் யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். இந்த வீட்டில் புருஷனும் பொண்டாட்டியும் ஒருவரை ஒருவர் '-ங்க' போட்டுத்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். கொடியில் துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்றார் அண்ணன். குட்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று முடிவு செய்தேன்.

ஒப்படைக்கும் நாளில் பாய் வரவில்லை. "நான் வந்தா அது என் பின்னாலயே வந்துரும். நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, மெஷினைப் போட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

நான் குட்டியோடு ஒரு தாளையும் கொடுத்தேன். 'முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்' என்ற அந்தத் தாள் நானே எழுதியது. எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்கப் போனவன் நான். ரேஷன் கார்டுக்கும் பேங்குக்கும் தெருவே என்னிடம் வந்து எழுதி வாங்கிக்கொண்டு போகும். "நாய்க்கு ஊடு பாக்கறதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்று அப்பா கேலி செய்தாலும், அந்தத் தாளை மட்டும் மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் தன்னோடு மூட்டை தூக்குபவர்களிடம் காட்டியிருக்கிறார். அதில் முதல் வரி: 'குட்டி இருக்கும் இடம் அமைதியாக இருக்கட்டும்.'

நம் ஊர் ஆட்களிடம் ஒரு காரியம் சொன்னால் எப்படிச் செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வந்திருப்பது விருந்தாளி. விருந்தாளிக்கு ஆகாததை அவர்கள் செய்ய மாட்டார்கள். அக்கா டிவியைப் போடவில்லை. மிக்ஸியைத் தொடவில்லை, சட்னியை அம்மியில் அரைத்தார். அண்ணன் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு வாங்கிய பவானி ஜமுக்காளத்தை, பெரிய விருந்தாளி வந்தால் மட்டும் விரிப்பதை, குட்டிக்கு விரித்தார்கள். பஞ்சு என்ற பேர் மரியாதையாக இல்லையென்று அம்மணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கா மாவு அரைப்பதையே நிறுத்திவிட்டார். கேட்ட வாடிக்கையாளர்களிடம் மோட்டார் ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறார்.

குட்டி அந்த ஜமுக்காளத்தில் ஒரு நிமிஷம்கூடப் படுக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் போனது, வெளியே வரவில்லை. முதல் நாள் பாலை நக்கியது. இரண்டாம் நாள் தண்ணீர் மட்டும். மூன்றாம் நாள் நடுங்கிக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை, வயிற்றிலும் ஒன்றுமில்லை என்றார். ஆனால் மறுநாளைக்குள் சாப்பிடாவிட்டால் டிரிப் போட வேண்டும் என்றும் சொன்னார்.

மேடம் எனக்குப் போன் செய்தார். "சாயங்காலத்துக்குள்ள எடுத்துட்டு வந்துருங்க. அந்த வீடு அதுக்கு ஒத்து வரலை."

அது நம் விதி. விதியில் தப்பில்லை. ஆனால் அந்த வாரம் காப்பகத்தில் பார்வோ வந்திருந்தது. குட்டிகள் ரத்தமாகக் கழிந்து செத்துப்போகிற நோய் அது. இதற்கோ இரண்டாவது ஊசி இன்னும் போடவில்லை. எடுத்துக்கொண்டு போனால் அங்கேதான் கொண்டுபோக வேண்டும். விட்டுவிட்டு வந்தால் பட்டினி. கூடையை வண்டியில் மாட்டிக்கொண்டு கணபதி போகிற வழியெல்லாம் இதைத்தான் யோசித்தேன். ஒரு முடிவும் வரவில்லை.

என் கையில் கூடையைப் பார்த்ததும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "டீ சாப்பிடறீங்களா தம்பி?" என்று மட்டும், கிசுகிசுப்பாகக் கேட்டார். நாலு நாளாக அந்த வீட்டில் எல்லாரும் கிசுகிசுப்பாகத்தான் பேசினார்கள்.

"நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டோமுங்களா?" என்றார் அண்ணன், அதே குரலில்.

"இல்லீங்கண்ணா. சிலதுக்கு இடம் பிடிக்காதுங்க."

"நெம்பப் பதனமாத்தான் பாத்துக்கிட்டோமுங்க."

கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். குட்டி என்னைப் பார்க்கவே இல்லை. கையை நீட்டித் தூக்கியிருக்கலாம், எதிர்த்துக் கடிக்கக்கூட அதற்குத் தெம்பு இல்லை. ஆனால் தூக்குவதற்கு முன் பாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் தள்ளிப்போடப் பார்த்தேன், அவ்வளவுதான். நெருக்கடியில் சில சமயம் தள்ளிப்போடுவதும் வேலைதான்.

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். அந்தப் பக்கம் எடுத்ததும் மெஷின் சத்தம் கடகடவென்று வந்தது. கட்டிலுக்கு அடியில் குட்டியின் காதுகள் நிமிர்ந்தன. தலையைத் தூக்கியது.

"அட, பாயைக் கண்டுக்கிச்சுங்க" என்றார் அண்ணன்.

"ஒரு நிமிசம் தம்பி, ஒண்ணும் கேக்கல" என்று பாய் மெஷினை நிறுத்தினார். "சொல்லுங்க. எம் பொண்ணு எப்படி இருக்கு?"

நான் விஷயத்தைச் சொன்னேன். பாய் உடனே, "கொண்டு வந்துருங்க தம்பி. ஓனர் என்னமோ சொல்லிட்டுப் போகட்டும்" என்றார். கடையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அதுக்கு முன்னாடி நீங்க அதுகிட்டக் கொஞ்சம் பேசுங்க பாய். உங்க குரலைக் கேட்டுத்தான் தலையைத் தூக்குச்சு."

பாய் பேசினார். பஞ்சு, என் செல்லம், என் தங்கம், பாலு குடிச்சியாம்மா, உன் வாப்பா பேசறேன்டா என்று அந்தக் கனத்த மனிதர் குழந்தை மாதிரிப் பேசிக்கொண்டே இருந்தார். குட்டி தலையைத் தரையில் போட்டுக்கொண்டது. காது அசையவில்லை.

"என்ன பண்ணுது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "படுத்துக்கிச்சுங்க."

"மறந்துருச்சாட்டம் இருக்கு" என்றார் பாய். "சரி தம்பி. கொண்டு வாங்க. வெச்சிடட்டுமா?"

அவர் போனை வைக்காமலே மெஷினைப் போட்டுவிட்டார். கடகடவென்று மறுபடி சத்தம். குட்டி எழுந்து நின்றது. நாலு நாளில் முதல் தடவையாக எழுந்து நின்று, கட்டில் காலைத் தாண்டி, போனை நோக்கி இரண்டடி வந்தது.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அவரு பேசறதுக்கு இல்லீங்க" என்றார் அக்கா.

"மெஷினுக்கு" என்றேன்.

"பாய், நிறுத்தாதீங்க, ஓடட்டும் அப்படியே" என்று அண்ணன் போனுக்குள் கத்தினார். நாலு நாள் கழித்து அந்த வீட்டு ஆட்கள் போட்ட முதல் சத்தம் அதுதான். பாய்க்குக் கேட்கவில்லை, போன் கட்டானது. குட்டி அப்படியே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

அக்கா சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்னக் கூடத்துக்குப் போனார். அரிசி ஊறப்போடவில்லை. கல்லைக் கழுவுகிற மாதிரி கிரைண்டரில் இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டார். பெரிய கிரைண்டர், ஒரு தெருவுக்கே அரைப்பது. கல் உருள ஆரம்பித்ததும் தரை லேசாக அதிர்ந்தது. குட்டி என்னைத் தாண்டி, அண்ணனைத் தாண்டி, நேராகப் போய் கிரைண்டரின் இரும்புக் காலில் முதுகை ஒட்டிப் படுத்தது. பெரிதாக ஒரு மூச்சு விட்டது. அக்கா தயிர்ச் சோற்றைக் கையில் பிசைந்து நீட்டினார். படுத்தபடியே நக்கியது. பிறகு எழுந்து உட்கார்ந்து தின்றது.

பாய் எடுத்த நாளிலிருந்து அது கேட்டது மெஷின் சத்தம்தான். அந்தச் சத்தம் ஓடினால் கடை திறந்திருக்கிறது, ஆள் இருக்கிறார், பால் வரும். சத்தம் நின்றால் கடையைப் பூட்டிவிட்டார்கள், தனியாகக் கிடக்க வேண்டும். நாங்கள் அதற்கு நாலு நாளாகப் பூட்டிய கடையைக் காட்டிக்கொண்டிருந்தோம். என் தாளில் இருந்த முதல் வரியை அந்த வீடு இம்மி பிசகாமல் கடைப்பிடித்திருந்தது.

இதோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பேன். கிரைண்டர் சத்தம் தெருவுக்கும் கேட்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த தெரு சரோஜா அக்கா பாத்திரத்தோடு உள்ளே வந்துவிட்டார்.

"ஏனுங்க சிவகாமி, மோட்டாரு சரியாயிருச்சுங்களா? நாலு நாளா எங்க ஊட்ல உப்புமாதானுங்க. மாமனாரு என்னையத் திட்டறாரா உப்புமாவைத் திட்டறாரான்னே தெரியிலீங்க."

பேசிக்கொண்டே வந்தவர் கிரைண்டர் காலடியில் பார்த்தார். அண்ணன் மெதுவாக நகர்ந்து குட்டியை மறைத்துக்கொண்டு நின்றார். லுங்கிக்குக் கீழே வால் மட்டும் தெரிந்தது.

"அது என்னதுங்க?"

நான் வாயைத் திறந்தேன். எங்கள் அமைப்பின் நாய், இப்போது கூடையில் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன் என்று சொல்ல இருந்தேன். அது பொய்யும் அல்ல, அந்த வீட்டின் பிழைப்பையும் காப்பாற்றியிருக்கும்.

"எங்க நாயிங்க" என்றார் சிவகாமி அக்கா. "மோட்டாரு ரிப்பேரே இல்லீங்க. இது பயப்படுதுன்னு நாந்தான் அரைக்காம இருந்தனுங்க. கோவிச்சுக்காதீங்க."

சரோஜா அக்கா குட்டியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். அதில் சுற்றிக்கொண்டிருந்தது வெறும் தண்ணீர்தான், ஆனால் அவர் மனசில் என்ன ஓடியது என்பது முகத்தில் தெரிந்தது. "நாயி பக்கத்துல..." என்று இழுத்தார். திட்டவில்லை. நம் ஊரில் அப்படித் திட்ட மாட்டார்கள். "நான் பொறகு வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனார். திட்டியிருந்தாலே தேவலாம்.

சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்கும் தெரிந்துவிடும். அக்காவின் வருமானம் முழுக்க அந்தக் கல்லில்தான் இருந்தது. குட்டி உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அக்கா பிழைக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கக் கூடாது.

"அக்கா, நான் எடுத்துக்கறனுங்க. உங்க மேல தப்பு இல்லை" என்றேன்.

அக்கா குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தூங்கிவிட்டிருந்தது. வயிறு ஏறி ஏறி இறங்கியது.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். குட்டிக்காக ஒருவரைக் கெஞ்சி ஒத்துக்கொள்ள வைப்பது சுலபம், அவர்களுக்காக நாமே வேண்டாம் என்று முடிவு செய்வது அதைவிடச் சுலபம். இரண்டுமே அவர்கள் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்குவதுதான். நான் கூடையின் மூடியைத் திறந்தே விட்டேன். பேசாமல் இருந்தேன். எனக்கு அது பெரிய வேலை, நான் வாயாடி.

கடைசியில் அண்ணன்தான் பேசினார். கிசுகிசுப்பை விட்டுவிட்டு, சாதாரணக் குரலில். "சத்தம் வேணும் அதுக்கு. கல்லு வேண்டியதில்லைதானுங்க?"

"என்ன சொல்றீங்க?" என்றார் அக்கா.

"கேக்கோணும், அதிரோணும். தொடோணும்னு இல்லையே. நடுவுல ஒரு கம்பிக் கதவு போட்டுப்போடலாம். அக்கட்டால அது, இக்கட்டால மாவு. வாரவங்களும் பாத்துக்கட்டும்."

"கதவு போட்டா மட்டும் அவுங்க வாங்கிப்போடுவாங்களா?"

"வாங்கறவங்க வாங்கட்டும் சிவகாமி. மறைச்சுத்தான் விக்கோணும்னா அந்த மாவு எதுக்குங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, கூடையை எடுத்து வெளிய வெச்சுப்போடுங்க. அதைப் பாத்தாலே எனக்கு என்னமோ பண்ணுது."

வெளியே போய்க் கூடையை வண்டியில் மாட்டிவிட்டு மேடத்துக்குப் போன் செய்தேன். "கொண்டு வரலீங்க மேடம். சாப்பிட்டுருச்சு."

"டாக்டர் என்ன மருந்து குடுத்தார்?"

"மருந்து இல்லீங்க. கிரைண்டருங்க."

"நாளைக்குக் காலையில மறுபடி போய்ப் பாருங்க. இன்னிக்கு நடந்ததை எழுதி வையுங்க" என்று வைத்துவிட்டார். எப்படி எழுதுவது என்று தெரியாமல் அப்போது விட்டேன். இப்போதுதான் எழுதுகிறேன்.

அண்ணனுடன் பவுண்டரியில் வேலை செய்யும் ஒருவர் வந்து அந்த வாரமே கதவைப் போட்டுக் கொடுத்தார். மேலே வரை கம்பி வலை. கீழே ஒரு முழம் உயரத்துக்குத் தகடு, முடி பறக்காமல் இருக்க. அக்கா விடியலில் இந்தப் பக்கம் அரைப்பார். அம்மணி அந்தப் பக்கம் தகட்டில் முதுகை ஒட்டிப் படுத்திருக்கும். அக்கா அதனிடம் பேசிக்கொண்டே அரைப்பதை ஒரு காலையில் நானே கேட்டேன். விண்ணப்பத்தில் எழுதியிருந்தபடியே.

இரண்டு வீட்டார் மாவு வாங்குவதை நிறுத்தினார்கள், திரும்பி வரவில்லை. சரோஜா அக்கா மூன்றாம் வாரம் வந்தார். கதவைத் தட்டிப் பார்த்து, "இது நாயிக்குப் போட்டதுங்களா, எங்களுக்குப் போட்டதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரத்தை நீட்டினார்.

பாயிடம் நேரில் போய்ச் சொன்னேன். மெஷினை நிறுத்தாமல் கேட்டார். "பாலு ஊத்துனது நானு. அது ஞாபகம் வெச்சிருக்கறது இந்த மெஷினையா?" என்று மெஷினை ஒரு தட்டுத் தட்டினார். மறுநாள் கூடைக்குள் அடங்குகிற அளவில் ஒரு சின்ன மெத்தை தைத்துக் கொடுத்தனுப்பினார். அதில்தான் அது இப்போது தூங்குகிறது.

என் தாளின் முதல் வரியை 'குட்டிக்குப் பழகிய சத்தம் இருக்கட்டும்' என்று மாற்றிவிட்டேன். குட்டியை எடுத்து வரும்போது ஃபாஸ்டர் வீட்டில் அரை நாளாவது சும்மா உட்காருங்கள். அது எந்தச் சத்தத்தில், எந்த வாசனையில், யார் நடமாட்டத்தில் நிம்மதியாகத் தூங்குகிறது என்று பாருங்கள். போகிற வீட்டாரிடம் அதைச் சொல்லுங்கள். நல்ல மனசு மட்டும் போதாது. அந்த வீட்டில் அது குறையாகவா இருந்தது?

போன மாதம் கடைசியாக அங்கே போனேன். அம்மணி என்னைப் பார்த்துக் குரைத்தது. அண்ணன் டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்: "நாயைச் சும்மாதான் குடுத்தீங்க தம்பி. ஆனா நாலு நாள் மாவு போனது ரெண்டாயிரத்தி நானூறு, கம்பிக் கதவு மூவாயிரத்தி எரநூறு, இது கடிச்சுப்போட்ட ஜமுக்காளம் தொள்ளாயிரம். ஆக மொத்தம் ஆறாயிரத்தி ஐநூறு ஆச்சுங்க."

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல், கிரைண்டர் சத்தத்துக்கு மேலே வந்தது. "ஜமுக்காளத்தைச் சேக்காதீங்க. அது வந்தவங்களுக்கு விரிச்சது."

அண்ணன் விரல் விட்டு மறுபடி கூட்டினார்.

"ஐயாயிரத்தி அறுநூறுங்க."